ஸ்கேனில் ஒரு வளையம்

காசிமேட்டில் விடியற்காலை ஏலம் சூடு பிடித்திருக்கும் நேரம். ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவர் திடீரென்று சரிகிறார். கண் சொருகுகிறது, கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கின்றன, வாயோரம் நுரை. யாரோ ஓடிவந்து சாவிக் கொத்தை அவர் உள்ளங்கையில் திணிக்கிறார். ஒன்றிரண்டு நிமிடத்தில் இழுப்பு அடங்குகிறது. பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடத்தில் தாமாகவே நின்றுவிடுபவை. சாவிக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. ஆளை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐ அழைக்க வேண்டும். அவ்வளவுதான்.

கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. நாற்பது வயதுவரை வலிப்பே வராத ஆளுக்கு இன்று ஏன் வந்தது? ஸ்டான்லிக்குக் கொண்டுபோகிறார்கள். மூத்தவர்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் இடம். சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மூளையின் சாம்பல் நிறத்துக்கு நடுவில் சின்னதாக ஒரு வெள்ளை வளையம். அதைச் சுற்றிக் கறுப்பாக வீக்கம். “தலையில கட்டி மாதிரி தெரியுது” என்கிறார் மருத்துவர். வீட்டாருக்கு அது ‘கேன்சர்’ என்றே கேட்கிறது.

ஆனால் இதே மாதிரி வளையத்தோடு வந்தவர்களில் ஒருவருக்கு மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தே சரியாகிவிடுகிறது. இன்னொருவருக்கு வலிப்பு மாத்திரை மட்டும்தான் தருகிறார்கள். சில மாதம் கழித்து எடுக்கும் ஸ்கேனில் வளையத்தையே காணோம். வேறொருவருக்கு மண்டையோட்டைத் திறக்க வேண்டியிருக்கிறது. கட்டி என்பது ஒரு நோயின் பெயர் அல்ல என்பதும், அது எந்தக் கட்டி என்று தெரியாமல் பயப்படுவதும் வைத்தியம் செய்வதும் தவறு என்பதும் மருத்துவ உலகத்துக்கே மெதுவாகத்தான் புரிந்தது. அந்தப் பாடத்தில் முக்கியமான சில பக்கங்கள் சென்னையிலும் வேலூரிலும் எழுதப்பட்டவை.

முதலில், மூளைக்குள் வரும் கட்டி மட்டும் ஏன் இத்தனை தொல்லை தருகிறது? தோளில் நெல்லிக்காய் அளவு கொழுப்புக் கட்டியோடு காலம் முழுக்க வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். மண்டையோட்டின் கதை வேறு. துறைமுகத்தில் சரக்கு நிரப்பி சீல் வைத்த கன்டெய்னரை நினைத்துக்கொள்ளுங்கள். சுவர் இரும்பு, விரியாது. உள்ளே இடைவெளி விடாமல் மூன்று சரக்கு: மூளை, அதில் ஓடும் இரத்தம், மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி நிற்கும் மூளைத்தண்டுவட நீர். நான்காவதாக ஒன்று உள்ளே வந்தால், இருக்கும் மூன்றில் ஏதாவது ஒன்று இடம் விட வேண்டும். ஆரம்பத்தில் நீரும் இரத்தமும் கொஞ்சம் வெளியேறி இடம் தருகின்றன. அதுவரை நோயாளிக்கு எதுவுமே தெரியாது. அந்தச் சலுகை தீர்ந்ததும் உள்ளழுத்தம் கிடுகிடுவென்று ஏறுகிறது.

படுத்திருக்கும்போது தலையிலிருந்து இரத்தம் வடிவது குறைகிறது. தூக்கத்தில் மூச்சு ஆழம் குறைவதால் இரத்தத்தில் கரியமில வாயு சற்றுக் கூடி, மூளையின் இரத்தக் குழாய்களை விரிக்கிறது. அதனால்தான் இந்தத் தலைவலி விடியற்காலையில் மோசமாக இருக்கும்; வாந்தியும் சேர்ந்துகொள்ளும். எல்லாத் தலைவலிக்கும் பயப்பட வேண்டாம். ஆனால் புதிதாக வந்து, வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போய், காலையில் வாந்தியோடு எழுப்பும் தலைவலியைக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிக்கக் கூடாது. இந்த அழுத்தத்தைக் கண் வழியாகவே பார்க்கலாம். கண்ணின் நரம்பு மூளையிலிருந்து நேராக வருவதால், உள்ளே அழுத்தம் ஏறினால் விழித்திரையில் அந்த நரம்பு நுழையும் இடம் வீங்கி நிற்கும். கண்ணாடி மாற்றப் போன இடத்தில் கண் மருத்துவர் கண்டுபிடித்து அனுப்பிய மூளைக்கட்டி நோயாளிகள் உண்டு.

அழுத்தம் ஒரு பக்கம். இடம் இன்னொரு பக்கம். மூளையின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வேலை. எந்த வேலை கெட்டது என்று பார்த்தால் கட்டி எங்கே என்று ஊகிக்கலாம். 1884-ல் லண்டனில் இதை வைத்தே ஒரு பந்தயம் போல் அறுவை நடந்தது. 25 வயது ஸ்காட்லாந்துக்காரர் ஒருவருக்கு முகத்திலும் இடது கையிலும் துடிப்பு, பிறகு கை விழுந்துவிட்டது. எக்ஸ்ரேயே கண்டுபிடிக்கப்படாத காலம். ஹியூஸ் பென்னட் என்ற மருத்துவர், வலது பக்க மூளையில் கையை இயக்கும் பட்டையில்தான் கட்டி என்று சொன்னார். ரிக்மன் காட்லீ அந்த இடத்தைத் திறந்தார். சொன்ன இடத்தில், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, கட்டி இருந்தது. நோயாளி ஒரு மாதத்தில் தொற்று ஏற்பட்டு இறந்துவிட்டார். ஆனால் வெளியிலிருந்தே மூளைக்குள் வழி கண்டுபிடிக்கலாம் என்பது அன்று நிரூபணமானது.

எண்ணூர், திருவொற்றியூர் தொழிலாளர்களுக்கு இதில் நேரடியாகச் சொல்ல ஒன்று இருக்கிறது. கொதிகலன் பக்கத்திலும் பிரஸ் ஷாப்பிலும் வருடக்கணக்கில் வேலை பார்த்தவருக்குக் காது மந்தமானால், “மெஷின் சத்தம்தான்” என்று விட்டுவிடுவார்கள். தொழிற்சாலை இரைச்சல் பொதுவாக இரண்டு காதையும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் கெடுக்கும். ஒரு காது மட்டும் மெல்ல மெல்லக் கேட்காமல் போனால், போனை எப்போதும் மறு காதுக்கு மாற்ற வேண்டியிருந்தால், அந்தக் காதில் ஓயாத இரைச்சல் இருந்தால், செவி நரம்பின் உறையில் வளரும் கட்டியா என்று பார்த்தே ஆக வேண்டும். அது புற்று அல்ல. வருடத்துக்கு ஓரிரு மில்லிமீட்டர் வளர்வது. சின்னதாக இருக்கும்போது பிடித்தால் முக நரம்பைக் காப்பாற்றும் வாய்ப்பு மிக அதிகம். அதே போல, இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கப் பார்வை மட்டும் குறைந்து, பக்கவாட்டில் வரும் லாரி கண்ணில் படாமல் போனால் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி இருக்கலாம். பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு நேர் கீழே இருக்கிறது அந்தச் சுரப்பி.

இனி அந்த வெள்ளை வளையத்துக்கு வருவோம்.

இந்தியாவில் மூளை அறுவைக்குத் தனித் துறை முதலில் வந்தது வேலூர் சி.எம்.சி.யில், 1949-ல், ஜேக்கப் சாண்டியின் கையில். அடுத்த வருடம் சென்னை ஜி.எச்.சில் சீர்காழியில் பிறந்த பி. ராமமூர்த்தி தொடங்கினார். மேல்நாட்டில் பயின்று வந்த இருவரும், அங்கே படித்த மாதிரியே இங்கேயும் கட்டிகள் இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தால் ஏமாந்திருப்பார்கள். மூளைக்கட்டி என்று திறந்த தலைகளில் பலவற்றில் இருந்தது காசநோய். நுரையீரலிலிருந்து இரத்தம் வழியாகப் போய் மூளையில் தங்கிய காசநோய்க் கிருமியைச் சுற்றி உடல் எழுப்பிய சுவர். நடுவில் பாலாடைக் கட்டி போல் செத்த திசு. இதைக் காசக் கட்டி என்று சொல்லலாம். மருத்துவர்கள் டியூபர்குலோமா என்பார்கள். 1950-களிலும் 60-களிலும் இந்திய மருத்துவமனைகளில் மூளைக்குள் இடம் பிடித்திருந்த கட்டிகளில் ஐந்தில் ஒன்றுக்குக் குறையாமல் இவைதான் இருந்தன. மேல்நாட்டில் அது அப்போதே அரிதாகிவிட்டது. அறுவைக்கு முன்பே காசக் கட்டியை எப்படி அடையாளம் காண்பது என்று ராமமூர்த்தியும் வரதராஜனும் 1961-ல் எழுதிய கட்டுரை உலகம் முழுக்க நரம்பு அறுவை மருத்துவர்கள் படித்த ஒன்று.

காச மருந்துகள் வருவதற்கு முன் அந்தக் கட்டியை எடுத்தால், கிருமி மூளையுறை முழுக்கப் பரவி நோயாளியைக் கொன்றுவிடும். ஸ்ட்ரெப்டோமைசினும், 1952-ல் ஐசோனயாசிட்டும் வந்த பிறகுதான் அறுவை பாதுகாப்பானது. சி.டி. ஸ்கேன் வந்த பிறகு அறுவையே பலருக்குத் தேவைப்படாமல் போனது. மாத்திரையைத் தொடங்கி, ஸ்கேனில் கட்டி சுருங்குவதை மாதாமாதம் கண்ணால் பார்க்க முடிந்தது. அந்த ஸ்கேனின் முதல் நோயாளியே மூளைக்கட்டி இருக்குமோ என்று சந்தேகப்பட்ட ஒரு பெண்தான்: 1971 அக்டோபர் 1, லண்டன் விம்பிள்டன். கருவியைச் செய்தது நம் வீட்டு இசைத்தட்டுகளில் பெயர் பார்த்த ஈ.எம்.ஐ. கம்பெனி, வடிவமைத்தவர் அங்கே பொறியாளராக இருந்த காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட்.

ஸ்கேன் ஒரு புதிய புதிரையும் கொண்டுவந்தது. 1980-களில் இந்தியா முழுக்க, ஒன்றிரண்டு வலிப்பு வந்தவர்களின் படத்தில் 2 சென்டிமீட்டருக்கும் குறைவான ஒற்றை வளையம் தெரிந்தது. காசநோய்தான் என்று நினைத்துப் பலருக்கு மாதக்கணக்கில் காச மாத்திரை கொடுத்தார்கள். வளையம் மறைந்தது. மருந்து வேலை செய்தது என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும்தானே? ஆனால் காச மாத்திரை கொடுக்காதவர்களிலும் பலருக்கு வளையம் மறைந்தது. வேலூரில் மாத்யூ சாண்டியும் வேதாந்தம் ராஜசேகரும் அவர்களோடு இருந்தவர்களும் ஊகத்தில் நிற்கவில்லை. மறையாமல் நின்ற சில வளையங்களை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். பலவற்றில் இருந்தது காசநோய் அல்ல. பன்றி நாடாப்புழுவின் இளம்புழு. அது சாகும்போது உடல் அதைச் சுற்றி வீங்குகிறது, அந்த வீக்கம்தான் வலிப்பையும் வளையத்தையும் தருகிறது, சில மாதங்களில் கரைந்துபோகிறது அல்லது சுண்ணாம்புப் புள்ளியாக மிஞ்சுகிறது.

1993-ல் அவர்கள் இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி சொன்னார்கள். வளையம் 20 மில்லிமீட்டருக்குள் இருந்து, விளிம்பு ஒழுங்காக இருந்து, மூளையை நடுக்கோட்டிலிருந்து தள்ளாமல், நோயாளிக்குக் கை கால் பலம் குறைந்துகொண்டே போகாமல் இருந்தால் அது அநேகமாகப் புழு. அதைவிடப் பெரியதாக, ஒழுங்கற்று, மூளையைத் தள்ளிக்கொண்டிருந்தால் காசக் கட்டியை நினைக்க வேண்டும். இந்தச் சில வரிகள் எத்தனை பேரைத் தேவையற்ற அறுவையிலிருந்தும் தேவையற்ற காச மாத்திரையிலிருந்தும் காப்பாற்றியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. விலை உயர்ந்த கருவி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. ஸ்கேனையும் நோயாளியையும் பொறுமையாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

“நாங்க பன்றிக்கறியே தொட மாட்டோம், எங்களுக்கு எப்படி?” என்று கேட்பவர்கள் உண்டு. சரியாக வேகாத கறியில் இருக்கும் இளம்புழுவைத் தின்றால் குடலில் நாடாப்புழு வளரும். மூளைக்குப் போவது அந்தப் புழுவின் முட்டை. குடலில் புழு உள்ளவரின் மலத்தில் வெளியேறும் முட்டை, கழிவு கலந்த தண்ணீரிலும், கழுவாத கீரையிலும், சமைப்பவரின் கையிலும் வந்து சேர்கிறது. சுத்த சைவர்களுக்கும் வருவது அதனால்தான்.

வளையம் காசமும் இல்லை, புழுவும் இல்லை என்றால்? அப்போதும் எல்லாம் ஒன்றல்ல. வேறு உறுப்பிலிருந்து, குறிப்பாக நுரையீரல், மார்பகத்திலிருந்து மூளைக்கு வந்து குடியேறிய புற்று ஒன்று. மூளையின் உறையில் வளரும் உறைக்கட்டி, அதாவது மெனிஞ்சியோமா, இன்னொன்று. அது பெரும்பாலும் சாதுவானது. மூளைக்குள் ஊடுருவாமல் வெளியிலிருந்து அழுத்தும். முழுசாக எடுக்க முடிந்தால் பலருக்கு அத்தோடு முடிந்தது. மூளையின் நரம்பணுக்களுக்குப் பக்கபலமாக இருக்கும் தாங்கு அணுக்களிலிருந்து பிறப்பவை கிளையோமா. அதிலும் 1 முதல் 4 வரை தரம் பிரிக்கிறார்கள். நான்காம் தரமான கிளையோபிளாஸ்டோமாதான் மிகக் கொடியது.

கொடியது என்பதற்குக் காரணம் அதன் வேகம் மட்டும் அல்ல. 1928-ல் அமெரிக்காவில் வால்டர் டாண்டி, கிளையோமா நோயாளிகளுக்கு வலது பக்க மூளை முழுவதையும் எடுத்துப் பார்த்தார். கட்டி பிறகு மறு பக்கத்தில் வந்தது. ஸ்கேனில் கட்டியின் விளிம்பு என்று தெரிவது உண்மையான விளிம்பு அல்ல. அதற்கு வெகு தூரம் தள்ளியும் தனித்தனி அணுக்கள் நரம்பு இழைகளைப் பிடித்துக்கொண்டு நகர்ந்திருக்கும். மருந்தாலும் அவற்றை எட்டுவது கடினம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பால் எர்லிக், விலங்கின் இரத்தத்தில் சாயம் செலுத்தியபோது மற்ற உறுப்பெல்லாம் நிறம் மாறியது, மூளை மட்டும் மாறவில்லை. மூளையின் நுண்குழாய்ச் சுவர்கள் அத்தனை நெருக்கமானவை. இரத்த-மூளைத் தடுப்பு என்கிறோம். நம்மைக் காக்க இருக்கும் அந்தத் தடுப்பு, பல புற்று மருந்துகளையும் உள்ளே விடுவதில்லை.

அதனால் கிளையோமா வைத்தியம் பல கட்டமாக நடக்கிறது. முதலில் அறுவை: முடிந்த அளவு கட்டியை எடுப்பதற்கும், அது என்ன என்று திசு பார்த்து உறுதி செய்வதற்கும். மூளைத் திசுவுக்கு வலி உணர்வு இல்லை. அதனால் பேச்சுப் பகுதிக்குப் பக்கத்தில் கட்டி இருந்தால் நோயாளியை விழிக்க வைத்தே அறுவை செய்வார்கள். ஒரு படத்தைக் காட்டி “இது என்ன?” என்று கேட்டுக்கொண்டே, மெல்லிய மின்முனையால் மூளையின் ஒரு புள்ளியைத் தொடுவார்கள். சொல் நின்றுபோனால் அந்த இடத்தில் கத்தி போகாது.

பிறகு கதிர்வீச்சு. முகத்துக்கு அளவெடுத்து, சூடான நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தின் மேல் அழுத்தி முகமூடி செய்கிறார்கள். அது ஆறியதும் இறுகிவிடும். ஒவ்வொரு நாளும் அதை மேஜையோடு சேர்த்து மாட்டித்தான் கதிர் கொடுப்பார்கள். தலை மில்லிமீட்டர் அசையக் கூடாது. வாரத்துக்கு 5 நாள் வீதம், வழக்கமாக 6 வாரம். தினக்கூலிக்காரருக்கு இந்த 6 வாரம்தான் பெரிய மலை. நோயின் பயத்தைவிடக் கூலி போகிற கவலையில் பாதியில் நிறுத்துகிறவர்கள் உண்டு. பாதியில் நிறுத்திய கதிர்வீச்சால் முழுப் பலன் கிடைக்காது என்பதை வீட்டில் உள்ளவர்கள் உணர வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையை முதல் நாளே எடுத்துப் போக வேண்டும்.

கதிரோடு டெமோசோலமைட் என்ற மாத்திரை. அந்தத் தடுப்பைத் தாண்டி உள்ளே போகக்கூடிய சிலவற்றில் ஒன்று. கிளையோபிளாஸ்டோமா நோயாளிகளில் கதிர் மட்டும் பெற்றவர்களில் இரண்டு வருடம் தாண்டியவர்கள் 100-க்கு 10 பேர். மாத்திரையும் சேர்ந்தபோது 26 பேர். 2005-ல் வெளியான ஆய்வு இது. முன்னேற்றம்தான், ஆனால் குணம் என்று சொல்ல முடியாது. அதை மறைத்துப் பேசுவது நோயாளிக்குச் செய்யும் நன்மையும் அல்ல. குறைந்த தரக் கிளையோமாக்களில் ஐ.டி.எச். என்ற மரபணுவில் மாற்றம் உண்டா என்று பார்ப்பது இப்போது வழக்கம். 2008-ல் தெரியவந்த மாற்றம் அது. அதைக் குறிவைக்கும் வொராசிடெனிப் மாத்திரைக்கு 2024-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

நடுவில் ஒரு மருந்து பலரைத் தவறாக நினைக்க வைக்கிறது. கட்டியைச் சுற்றிய வீக்கத்துக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள். ஓரிரு நாளில் தலைவலி போய், வாந்தி நின்று, ஆள் எழுந்து உட்கார்ந்து சாப்பிடுவார். “சரியாயிடுச்சு, எதுக்கு ஆபரேஷன்?” என்று கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போய்விடுகிறார்கள். இறங்கியது வீக்கம் மட்டும். கட்டி அப்படியே இருக்கிறது. அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

கடைசியாக, எண்ணூரில் யாருக்கு இந்த நோய் வந்தாலும் எழும் கேள்வி: இந்தக் காற்றுதான் காரணமா? சாம்பலும் ரசாயன நெடியும் சூழ வாழ்கிறவர்கள் அதைக் கேட்காமல் இருக்க முடியாது. ஐயமில்லாமல் நிரூபணமான வெளிக்காரணம் கதிர்வீச்சு. 1950-களில் இஸ்ரேலில் தலைப் படைக்காக எக்ஸ்ரே கொடுக்கப்பட்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல்லாண்டு தொடர்ந்தபோது, அவர்களிடம் உறைக்கட்டி கூடுதலாக வந்தது தெரிந்தது. சில அரிய பரம்பரைக் கோளாறுகளும் காரணம். செல்போனுக்கு எதிராக இதுவரை வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. காற்று மாசு நுரையீரல் புற்றைத் தரும் என்பது உறுதியானது. மூளைக்கட்டியோடு அதற்குள்ள தொடர்பு கனடா ஆய்வு ஒன்றில் தென்பட்டது, இன்னும் பல ஆய்வுகள் தேவை.

தொழிற்சாலைகளைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் டெக்சஸ் சிட்டி என்ற துறைமுக நகரின் ரசாயன ஆலையில் மூளைக்கட்டியால் இறந்தவர்கள் எதிர்பார்ப்பைவிடக் கூடுதலாக இருந்தது 1970-களின் இறுதியில் தெரியவந்தது. எந்த ரசாயனம் என்று கடைசிவரை பிடிபடவில்லை. ஆனால் எண்ணவாவது முடிந்தது. யார் எந்த வருடம் எந்தப் பிரிவில் வேலை பார்த்தார் என்ற பதிவேடு அங்கே இருந்தது. நம் ஊரில் அடையாறு புற்றுநோய் நிலையம் 1981-ல் தொடங்கிய புற்றுப் பதிவேடு பழைய சென்னை மாநகராட்சி எல்லைக்குள் இருந்தவர்களைக் கணக்கெடுத்தது. திருவொற்றியூரும் எண்ணூரும் மாநகராட்சிக்குள் வந்ததே 2011-ல்தான். ஒப்பந்தத் தொழிலாளியின் பெயர் வருடத்துக்கொரு கான்ட்ராக்டர் நோட்டில் மாறிக்கொண்டே இருக்கிறது.

ஆகவே ஆலைகளிலும் துறைமுகத்திலும் வேலை பார்க்கும் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொள்கிறேன். வேலை அட்டை, இ.எஸ்.ஐ. எண், எந்தப் பிரிவில் எத்தனை வருடம் என்ற விவரம், பழைய ஸ்கேன் ஃபிலிம், பயாப்சி அறிக்கை எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது என்ன வேலை செய்கிறீர்கள் என்பதைச் சொல்லி, அதைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.